பாஸ்டருக்குப் போட்ட பந்தி

முழங்காலிட்டு உட்கார்ந்து, டர்னிப் கிழங்குச் செடியின் இலை ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டார் வெர்லின். கண்ணை மூடி மென்றார். தூவென்று துப்பினார்.

"இன்னும் கசப்பு போகல. ரெண்டு பனி விழட்டும், அப்பதான் இனிக்கும்."

அது மனிதர்களுக்கான பயிர் அல்ல. காட்டோரத்தில் மான்களுக்காகப் போடுகிற பயிர். தின்ன வரும் மானை, கம்பங்களின் மேல் நிற்கும் மரப்பெட்டிக்குள் உட்கார்ந்து சுட வேண்டும்; கணக்கு அவ்வளவுதான். விஸ்கான்சினில் எங்கள் பக்கம் பாதிப் பேர் இப்படிப் போடுகிறார்கள், சுடுகிறார்கள். வெர்லின் போடுவதோடு சரி.

பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் தொத்திறைச்சியும் பாலாடைக் கட்டியும் தவிர எதையும் தொடமாட்டார். "நான் கீரை வச்சா மூஞ்சியத் திருப்பிக்குவான். மான் சாப்பாடுன்னா மட்டும் முதல் வாய் இவனுக்குத்தான்" என்பாள் அவர் மனைவி லவோன். அது உண்மை. ஓட்ஸ், முள்ளங்கி, க்ளோவர் புல் எல்லாவற்றையும் தின்று பார்த்துத்தான் விடுவார். சம்பந்தி வீட்டாருக்குச் சமைப்பவர்கூட இவ்வளவு பதறமாட்டார்.

அவர் எதிர்பார்க்கும் விருந்தாளியின் படம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. மரத்தில் கட்டிய கேமராவில் விழுந்த பெரிய கொம்பன் மான். கழுத்தில் போதகர்களின் காலர் மாதிரி அகலமான வெள்ளைப் பட்டை இருப்பதால் அதற்குப் பாஸ்டர் என்று பெயர் வைத்தார். எங்கள் தேவாலயத்துப் பாஸ்டர் அதைக் கேட்டுச் சிரித்தார், கொஞ்சமாக.

போன மாதம் லவோன் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இந்த வருஷமும் மான்கறி இல்லாம ஃப்ரீசர் காலியா கெடந்துச்சுன்னா, அந்த நெலத்துல நான் பூசணி போட்டுருவேன். பாத்துக்க."

வெர்லின் முகம் செத்துப்போயிற்று. "பூசணியா? சுண்ணாம்பும் எருவும் போட்டு அந்த மண்ண நான் ஆளாக்கி வச்சிருக்கேன், தெரியுமா?" என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் புலம்பினார். சிரிக்கத்தான் போனேன், ஆனால் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அப்படியிருந்தும் வேட்டைச் சீசன் முழுவதும் வந்த சின்ன மான்களை அவர் சுடவில்லை. "பாஸ்டருக்குப் போட்ட பந்திப்பா இது. கண்டதுக்கும் குண்ட வீணாக்கணுமா?" என்றார். கடைசி நாளும் வந்துவிட்டது. வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுக் கோட்டு மாட்டிக்கொண்டு இருவரும் பெட்டிக்குள் ஒடுங்கினோம். ஃபிளாஸ்க்கில் காப்பி இருப்பதாக லவோன் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் பாஸ்டர் வந்தது. க்ளோவரைத் தாண்டியது. பனியில் இனித்துக் கிடந்த டர்னிப்பை மோந்துகூடப் பார்க்காமல் நடந்து, வேலியோர முள்ளுக்கொடியில் போய் வாய் வைத்தது. வெயில் காலம் முழுக்க வெர்லின் வெட்டி எறிந்தும் சாகாத கொடி.

விலாவைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. முழங்கையால் அவரை இடித்தேன். "சுடு!"

வெர்லின் துப்பாக்கியைத் தாழ்த்தினார். காதுவரை சிவந்துபோயிருந்தார். ஜன்னலை ஒரே தள்ளாகத் தள்ளித் தலையை வெளியே நீட்டினார்.

"டேய்! அது குப்பைடா! கெழங்கு இந்தப் பக்கம் இருக்கு!"

வெள்ளை வால் ஒருமுறை நிமிர்ந்தது. அப்புறம் காடு மட்டும்தான் இருந்தது.

"யோவ், உனக்கு மூளை இருக்கா? ஃப்ரீசருக்குள்ள போக வேண்டியது நேரா வந்து நின்னுச்சேய்யா! இனி பூசணிதான் உனக்கு!"

"பூசணி கெடக்கட்டும். அந்த முள்ளுக்கொடில அப்படி என்னதான் இருக்காம்?"

குண்டுகளை உருவிவிட்டு, துப்பாக்கியை என் மடியில் வைத்து, ஏணியில் இறங்கினார். ஒரு டர்னிப்பையும் மிதிக்காமல் நடந்து வேலியோரம் போனார். முழங்காலிட்டார். பாஸ்டர் பாதி கடித்துவிட்டுப் போன இலையைத் தேடிப் பிடித்து, மீதிப் பாதியைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

துப்பவில்லை. இன்னொரு இலையைக் கிள்ளினார்.