மூன்றாவது பூ

அம்மனை நம்பும் சகோதரிகளே, என் பிள்ளையை அவள் திருப்பிக் கொடுத்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன் என் தப்பையும் சொல்லியாக வேண்டும்.

போன மாசி மாதம். திருப்பதி ஆஸ்பத்திரியில் ஐசியூ கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என் மூத்த மகள் பவானி. ஆறு வயது. உடம்பெல்லாம் அம்மை. நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார்கள். "இப்போ எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா.

எங்களுக்குச் சித்தூருக்குக் கிட்ட குடிபாலா பக்கம். பவானிக்கு மூன்று வயதிலிருந்தே சிறுநீரகக் கோளாறு. முகம் வீங்கும், ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். ஐப்பசியில் மாத்திரையை நிறுத்திச் சில வாரம் ஆனதும், இதே டாக்டரம்மா சின்னம்மைத் தடுப்பூசி போடச் சொன்னார்.

"இப்போ போட்டாத்தான் உண்டு. திரும்ப மாத்திரை ஆரம்பிச்சா எதிர்ப்புச் சக்தி குறையும், அப்போ இந்த ஊசி போட முடியாது. ஆலஸ்யம் சேயொத்தும்மா, தள்ளிப் போடாதீங்க" என்று தெலுங்கும் தமிழுமாகக் கெஞ்சினார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அம்மை என்றால் ஆத்தா வீட்டுக்கு வருவது. அவளை வராதே என்று ஊசி போட்டுத் தடுப்பதா? கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் ஊசி, சிவப்பு வந்தால் வேண்டாம். பவானிதான் பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை. குழந்தை கைதவறி எடுத்திருப்பாள் என்று மறுபடி கட்டினேன். வெள்ளை. மூன்றாவது தடவை சிவப்பு வந்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம். "ஆத்தா ரெண்டு வாட்டி சொல்லிட்டா. நீதான் காதை மூடிக்கினு கீற" என்றார். நான் மசியவில்லை.

மார்கழியில் பவானிக்கு மறுபடி வீக்கம். மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். மாசியில் எங்கள் தெருவில் அம்மை. பவானிக்கும் வந்தது. அப்போதும் நான் வேப்பிலை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்தேன். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஓடினோம்.

ஐசியூவில் ஒரு நிமிடம் பார்க்க விட்டார்கள். "சாமி எம்மேல கோச்சிக்கினாளாம்மா?" என்று பவானி கேட்டாள். இல்லைடி கண்ணு என்றேன்.

வெளியே வந்து தரையில் விழுந்தேன். "ஆத்தா, நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. தண்டனை எனக்குக் கொடு. பிள்ளையை விட்டு இறங்கிப் போ." ஏழு நாளும் இதே வேண்டுதல்தான். நரம்பு வழியாக மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. எட்டாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. பவானி இட்லி கேட்டாள்.

உயிரைக் கொடுத்தாள் ஆத்தா. அம்மையில் அடிபட்ட சிறுநீரகம் மட்டும் தேறவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் சித்தூரில் டயாலிசிஸ். பவானி கையில் ஊசி ஏறும்போதெல்லாம் அந்த இரண்டு வெள்ளைப் பூவும் ஞாபகம் வருகிறது.

சின்னவளுக்கு ஊசி போட்டாகிவிட்டது. பூக்கட்டிப் பார்க்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு இப்படி நோய் இருந்து, டாக்டர் ஊசிக்கு நாள் சொன்னால், வழியில் கோயிலில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு அன்றைக்கே போங்கள். அவள் கோபிக்கமாட்டாள். என்னிடமே இரண்டு தடவை சொல்லிப் பார்த்தவள் அவள்.