எந்த ஏஜென்ட்டில் ஓடியது?

திரையில் ஓடி முடிந்த நானூறு வரிகளில் நிலோஃபருக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து, உதடு அசையப் படிக்கிறார்: 'இந்தப் படி ஓடியது: ஏஜென்ட் 2.' படித்துவிட்டுப் பக்கத்து மேசையிலிருக்கும் என்னைக் கூப்பிடுகிறார். "ரெண்டுன்னுதானே போட்டிருக்கு? நீங்களும் ஒரு தடவை பாருங்க." கையேடு எழுதுகிறவன் நான்; எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்க்கிறேன். பார்க்காவிட்டால் விடமாட்டார்.

நெல் அறுக்கும் மெஷின் எந்த ஊருக்கு எந்த நாள் வரும் என்று விவசாயிகளுக்குச் சொல்லும் செயலி, தஞ்சாவூரிலுள்ள எங்கள் அலுவலகத்துடையது. புதிய பதிப்பு ஒவ்வொன்றும் சோதனை, எல்லாவற்றையும் ஒரே செயலியாகக் கட்டும் பேக்கிங், அனுப்புதல் என்று படிப்படியாகத் தானே ஓடும். அதற்கென்று உள்ளறையில் நான்கு கணினிகள். அவைதாம் ஏஜென்ட்கள். எந்தப் படி எந்த ஏஜென்ட்டில் ஓட வேண்டும் என்று எழுதிவைக்கலாம். எழுதாவிட்டால், எது காலியோ அது எடுத்துக்கொள்ளும்.

"எது காலியோ அதுன்னா, தப்பு நடந்தா யாரைப் போய்க் கேக்கறது?" என்பார் நிலோஃபர்.

அய்யம்பேட்டைக்காரர்; புதிய பதிப்புகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. வயது முப்பத்தொன்று. பேருந்தின் பலகையைப் படித்த பிறகும் நடத்துநரிடம் கேட்பார். நடத்துநர் சொன்ன பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரிடமும் கேட்பார். துபாயிலிருக்கும் கணவர் வீடியோ அழைப்பில் "சாப்பிட்டாச்சு" என்றால், "தட்டைக் காட்டுங்க" என்பார்.

எங்கள் தலைவர் செந்தில்குமாருக்கு இது பொறுக்காது. "நாலும் ஒரே நாள்ல வாங்கின மெஷினுங்க. எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான்னு யார் சார் பார்த்தது?"

போன சம்பா அறுவடை நேரம். அந்த ஆண்டின் தேதிகளோடு புதிய பதிப்பு தயாராகி, முன்னோட்டமாகப் பத்து விவசாயிகளுக்குப் போயிருந்தது. மூன்று மணிக்கு எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். சோதனை முழுக்கப் பச்சை. நிலோஃபர் மட்டும் விரலை எடுக்கவில்லை. சோதனை ஓடியது ஒன்றில். பேக்கிங் ஓடியது மூன்றில். உடனே கீழ்வேளூர் மருதையனுக்குப் போன் போட்டார். பத்து பேரில் அவர் ஒருவர்.

"அண்ணே, உங்க ஊருக்கு மெஷின் என்னைக்குன்னு காட்டுது?"

"பிப்ரவரி பன்னெண்டும்மா. நானே கேக்கணும்னு இருந்தேன். கதிரு முத்தி நிக்குது. மேகம் வேற கூடுது. அதுவரைக்கும் தாங்காது, சாஞ்சிரும்."

நிலோஃபரின் கையிலிருந்த புதிய பட்டியலில் பிப்ரவரி நான்கு.

"சார், அனுப்பாதீங்க."

"டெஸ்ட் பாஸாயிருக்கேம்மா!"

"பாஸானது வேற இடம். கட்டினது வேற இடம்."

மூன்றாம் ஏஜென்ட்டைத் திறந்து பார்த்தார்கள். போன ஆண்டின் தேதிப் பட்டியல் அழிக்கப்படாமல் அங்கேயே கிடந்தது. பேக்கிங் அதையே எடுத்துச் செயலிக்குள் வைத்திருந்தது. செந்தில்குமார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து "எல்லாம் ஒண்ணுதான்" வரவேயில்லை.

நிலோஃபரிடம் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும்போலிருந்தது. "நல்லவேளை, கண்டுபிடிச்சிட்டீங்க" என்றேன்.

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவை மூணுல ஓடியிருக்கும்? அதை யாரு பார்த்தா?" முகத்தில் சந்தோஷம் துளியும் இல்லை.

பழைய பட்டியலை அழித்தார். 'எது காலியோ அது' என்றிருந்த இடத்தில், பேக்கிங் இரண்டாம் ஏஜென்ட்டில் மட்டுமே ஓட வேண்டும் என்று எழுதினார். மறுபடி ஓட்டி, மருதையனிடம் கேட்டார். "நாலாம் தேதின்னு வருதும்மா" என்றார் அவர். ஐந்து மணிக்கு எல்லோருக்கும் போய்விட்டது.

"இப்ப திருப்திதானே?" என்றார் செந்தில்குமார்.

நிலோஃபர் எழுந்து உள்ளறைக்குப் போனார். நான் எட்டிப் பார்த்தேன். இரண்டாம் கணினியின் முதுகில் உள்ளங்கையை வைத்து, ஓடிய சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றாவதின் மேலும் வைத்தார்.