இரண்டு காப்பிக்குச்சி வீரர்கள்

மலைமேல் இருக்கும் கொட்டச்சேட்டிலிருந்து சேலம் இறங்கும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், ஐம்பது தாண்டியவர், காப்பிக்குச்சிகளில் பொம்மை செய்துகொண்டிருந்தார். காப்பிச்செடியில் கிளைகள் எதிரெதிரே முளைக்கும். அவையே பொம்மைக்குக் கைகள். தலைக்குச் சாக்லேட் தாளை உருட்டிச் செருகினார்.

"பேரனுக்குங்களா?"

"எங்கண்ணனுக்குங்க. சின்னதுல இத வெச்சுத்தான் சண்ட போடுவோம். நான் ஜெயிக்கோணும்னு அவன் பொம்மைக்கு ஒரு கைய ஒடிச்சுக்குவான்."

"இப்ப எங்க இருக்காருங்க?"

"ஆஸ்பத்திரியிலங்க. வேலையில மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. நேத்து சோத்துக்கைய எடுத்துட்டாங்க."

டிக்கெட் கேட்கும் குரலில்தான் சொன்னார்.

செய்து முடித்த இரண்டில் ஒன்றைப் பத்திரமாகப் பையில் வைத்தார்.

"இது அவனுக்குங்க."

தன்னுடையதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதன் வலக்கையை, வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதுபோல், கிள்ளிப் போட்டார்.