‘தற்காலிகம்’ என்று பெயர் வைத்தவர்

என் கணவர் நகுலேஸ்வரன் பொறாமைக்காரர் என்பது இத்தனை வருடமாக எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசைதான் அவருக்கு அலுவலகம். சரக்கு அனுப்பும் கம்பனி ஒன்று. அங்கே எல்லோருடைய கணினியும் எங்கோ ஒரு சேர்வருக்குள் இருக்கிறது; ஊழியர்கள் வீட்டிலிருந்து பார்ப்பது அதன் திரையை மட்டும்தான். அந்தத் திரைகளுக்கு விதி போடுகிறவர் இவர். குறூப் பொலிசி என்பார்கள்.

யாராவது முறையிட்டால் உடனே ஒரு விதி. ஒருவருக்குப் பிரெஞ்சு விசைப்பலகை, இன்னொருவருக்குப் பிரிண்டர். நிரந்தர விதிக்கு மனேஜரின் அனுமதி வேண்டும். அதற்குக் காத்திருக்க இவருக்குப் பொறுமை ஏது? எல்லாவற்றுக்கும் ‘தற்காலிகம்’ என்று பெயர் வைத்துவிடுவார். ஒன்றையும் திரும்ப எடுத்தது கிடையாது.

பிறகு பிரஷாந்தினி வேலைக்கு வந்தாள். சின்னப் பிள்ளை, கெட்டிக்காரி. பழைய விதிகளைத் துப்புரவாக்கும் வேலையையும், இனி விதி போடும் பொறுப்பையும் மனேஜர் அவளுக்கே கொடுத்தார். இவராக இருந்தால் ஒவ்வொன்றாகத் தேடித்தான் அழித்திருப்பார். அவளோ எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்கக் கறுப்புத் திரையில் நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதிவிட்டாள். அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு பெண்ணின் பெயர் இத்தனை தடவை வந்தால் வேறொருத்தி சந்தேகப்பட்டிருப்பாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் அழைத்தாள். அழிப்பதற்கு முன், எவை அழியும் என்று மட்டும் காட்டும்படி ஸ்கிரிப்டை ஓடவிட்டிருந்தாள். ‘தற்காலிகம்’ என்று தொடங்கிய அத்தனையும் இவர் திரையிலும் வந்தன.

“அண்ணை, இதில ஏதும் வேணுமோ? சொன்னா விட்டிடுறன்.”

இவர் சரியாக வாசிக்கக்கூட இல்லை.

“ஒண்டும் வேண்டாம். எல்லாத்தையும் எடும்.”

போனை வைத்ததும், திங்கட்கிழமை கம்பனி முழுக்கக் கூப்பிட்டு அழும், அப்போது தெரியும் யார் கெட்டிக்காரர் என்று, என்றார். நான் ஏசினேன், காதில் விழுத்தவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஜான்-டலோன் சந்தைக்குத் தானாகவே வந்து பையும் தூக்கினார்.

திங்கள் காலை போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அது அடிக்கவே இல்லை. அவர் விதி போட்டுக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். மற்றவர்களுக்கு அந்த வசதியெல்லாம் வீட்டுக்குக் கொடுத்த புதிய கணினியோடு தானாக வந்துவிட்டது. பொறுமை கெட்டுத் தன் திரையைத் திறந்தார்.

எழுத்துகள் எறும்பு எறும்பாக இருந்தன. கண் மங்கத் தொடங்கிய காலத்தில் தனக்கென்று பெரிய எழுத்துக்கு ஒரு விதி போட்டிருந்தார். அதற்கும் ‘தற்காலிகம்’ என்றுதான் பெயர், மறந்தே போனார்.

கண்ணாடியைத் துடைத்தார். மூக்கு முட்டக் குனிந்தார். கடைசியில் அவளைத்தான் அழைத்தார்.

“தங்கச்சி, எனக்கு எழுத்துத் தெரியேல்லை.”

அவள் சிரிக்கவில்லை. “அதில உங்கட பேர் இருந்தது அண்ணை. நீங்கள் வேண்டாம் எண்டதாலதான் எடுத்தனான். இந்த முறை மனேஜரிட்டைக் கேட்டு நிரந்தரமாவே போட்டுவிடுறன்.”

இவர் குரல் இறங்கிவிட்டது.

“அவருக்குச் சொல்லத்தான் வேணுமோ, பிள்ளை?”