தினமும் நாலு பேர்

நாலு பேர் தூக்கிக்கொண்டு போகும் பாக்கியம் மற்றவர்களுக்கு வாழ்க்கை முடிந்த பிறகு ஒரு தடவைதான் கிடைக்கும். எனக்கு வேலை நாள் தவறாமல் கிடைத்தது. பூந்தமல்லியைத் தாண்டி இருக்கும் ஒரு பிசியோதெரபி கல்லூரியில் உடலியங்கியல் பாடம் நடத்துகிறேன். சின்ன வயதில் வந்த போலியோவால் இரண்டு கால்களுக்கும் பலம் இல்லை, சக்கர நாற்காலிதான். வகுப்பறை முதல் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது.

பிசியோதெரபி கல்லூரி என்பதால் வந்த வினை இது. வேறு கல்லூரியாக இருந்தால் இவளை எப்படி மாடிக்கு ஏற்றுவது என்று விழித்துவிட்டு, வகுப்பைக் கீழே மாற்றியிருப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ ஆளைத் தூக்குவதும் படிப்பில் சேர்த்தி. முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, நாற்காலியின் நான்கு மூலைகளையும் பிடித்து, "ஒன், டூ, த்ரீ" என்றால் நான் மேலே இருப்பேன். மூன்று பையன்கள், ஒரு பெண். எண்ணுவது அந்தப் பெண். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வளர்ந்தவள், ஊருக்கே கேட்கிற குரல். இறுதியாண்டுப் பிள்ளைகள் படிப்பை முடித்துப் போகும்போது, என்னைத் தூக்கும் வித்தையை அடுத்த வருடத்தாருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் அவர்களுக்குப் பெருமை. எனக்கும் அந்தப் பிள்ளைகள்மேல் பிரியம்தான்.

சிக்கல் மேலே போன பிறகு. கீழ்த்தளத்துக்கு நோயாளிகள் வருவதால் அங்கே சாய்தளமும் அகலமான கதவு வைத்த கழிப்பறையும் உண்டு. மாடியில் என் நாற்காலி நுழைகிற கழிப்பறை இல்லை. நடுவில் போக வேண்டுமென்றால் அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டும், அவள் மூன்று பையன்களைத் திரட்ட வேண்டும், நான் எங்கே போகிறேன் என்பது மாடி முழுக்கத் தெரிந்துவிடும். அந்த வெட்கத்துக்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வர ஆரம்பித்தேன். கத்திரி வெயிலிலும் அப்படித்தான். தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் என்ன பாடுபடும் என்று நாக்கு வறள வறளப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதனால் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. ஒரு தடவை குளிர் காய்ச்சலில் கிடந்தபோது, முகப்பேர் டாக்டர் கோபித்துக்கொண்டார். "இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா கிட்னிக்கே ஆபத்தும்மா" என்றார்.

டீனிடம் போய்க் கீழே ஓர் அறை கேட்டேன். பழைய கட்டில்களும் கை ஒடிந்த எலும்புக்கூடு ஒன்றும் அடைத்து வைத்திருந்த அறை அது. டீன் நல்ல மனிதர், அதனால்தான் அவரோடு சண்டை போடவும் முடியாது. "கீழ எதுக்கும்மா? பசங்க உங்களைப் பூ மாதிரி தூக்கிட்டுப் போறாங்களே" என்றார். அவர் முன்னால் கழிப்பறை என்ற சொல் என் வாயில் வரவில்லை. "கொஞ்சம் சௌகரியமா இருக்கும் சார்" என்று இழுத்துவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கல்லூரியில் எல்லாருக்கும் சம வாய்ப்பு கிடைக்கிறதா என்று பார்க்கச் சமத்துவக் குழு ஒன்று அமைத்தார்கள். யாரை ஒருங்கிணைப்பாளராகப் போடலாம் என்று ரொம்ப யோசித்திருக்க மாட்டார்கள். நாற்காலியோடு நான் இருக்கிறேனே. மாடியில் நடக்கும் குழுவின் முதல் கூட்டத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையாளர்கள் வரும் நாளில், அவர்கள் கண்ணெதிரே மாணவர்கள் என்னை மாடிக்குத் தூக்கிப்போக வேண்டும் என்பது டீனின் யோசனை. "இதைவிட நல்ல உதாரணம் எங்க கிடைக்கும்?" என்று உண்மையான சந்தோஷத்தோடு கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று படிக்கட்டுக் கைப்பிடியில் சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். நால்வரும் வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு வந்து மூலைக்கு ஒருவராக நின்றார்கள். பார்வையாளர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தப் பெண் "ஒன்" என்றாள். நான் பிரேக்கைப் போட்டேன்.

"நான் மேல வரலம்மா."

டீன் பதறிப்போய்க் குனிந்தார். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"மேல போனா என்னால பாத்ரூம் போக முடியாது சார். அதுக்குப் பயந்து தண்ணி குடிக்கறதில்ல. திரும்பத் திரும்ப இன்ஃபெக்‌ஷன் வருது." எல்லார் முன்னாலும் சத்தமாகவே சொன்னேன்.

டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"கீழ ரூம் கேட்டேனே சார்."

பார்வையாளர்களில் ஒரு அம்மாள், "கூட்டத்தை இங்கயே வச்சுக்கலாமே" என்றார். பையன்கள் மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கினார்கள். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்திலேயே கூட்டம் நடந்தது.

சாயங்காலம் அந்தப் பெண் கண் சிவந்து வந்து நின்றாள். "நாங்க எதுனா தப்பாத் தூக்கிட்டோமா மேடம்?"

"இல்லம்மா. நீங்க அவ்ளோ நல்லாத் தூக்கினீங்க. அதனாலதான் எனக்கு வேற வழி வேணும்னு யாருக்குமே தோணல."

"இத்தினி மாசமா தூக்கிக்கினு போறோம். என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அவள் வருத்தம் நியாயமானது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டீன் அந்த வாரமே கட்டில்களை அகற்றி, சுண்ணாம்பு அடித்து, பலகையை நான் எழுதும் உயரத்தில் மாட்டச் சொன்னார். கீழே முதல் வகுப்பு நடந்த அன்று நால்வரும் பழக்கதோஷத்தில் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். இடைவேளையில் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். நாற்காலியைப் பிடிக்க நீண்ட கையை அந்தப் பெண் சட்டென்று கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். வாய் மட்டும் நிற்கவில்லை.

"எங்க மேடம் போறீங்க?"

"சொல்ல மாட்டேன், போ" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழிவிட்டாள். இந்தக் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து, எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லாமல் நான் போனது அன்றுதான்.