முறைத் தண்ணீரும் ஸ்பானிஷ் பரீட்சையும்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் ஸ்பானிஷ் படித்த ஒரே ஆள் நான்தான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, பேச ஆள் கிடையாது. சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனியில், ஸ்பானிஷ் உயர்நிலைப் பரீட்சை தேறினால் மாட்ரிட் ஆபீசுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். அம்மா இல்லை, அண்ணன் சிங்கப்பூரில். "நீதான் கல்யாணம் ஆகாம இருக்கே, கொஞ்ச நாள் பார்த்துக்கம்மா" என்றான் போனில். கொஞ்ச நாள் ஒரு வருஷம் ஆனது. சம்பளமில்லாத லீவில் என் இடத்தை வைத்திருந்தார்கள், அதுவும் அந்தப் பரீட்சை வரைக்கும்தான்.

உயர்நிலையில் இலக்கணம் குறைவு, எல்லாம் கதைதான். மெக்சிகோ, பெரு, சிலி என்று, சென்னையில் எனக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஈமெயிலில் அனுப்புவார். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்து, அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வாசிப்பேன். எரிச்சலாக வரும். கதையில் இருக்கிறவர்கள் கோபம் வந்தால் குதிரையேறிப் போய்விடுகிறார்கள். நான் டவுன் பஸ் ஏறுவதற்கே அப்பாவோடு இருக்க ஆள் தேட வேண்டும்.

ஒரு கதை மட்டும் அகராதியே இல்லாமல் புரிந்தது. ஒரே வாய்க்காலை நம்பி இரண்டு குடும்பம். ஒருவன் வெளியூர் போன நாளில் மற்றவன் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறான். என் கட்டுரையைப் படித்துவிட்டு, வகுப்பிலேயே இந்தக் கதை புரிந்தது உனக்குத்தான் என்று டீச்சர் எழுதியிருந்தார். இரண்டு நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தப் பரீட்சையின் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்தது, சென்னையில். அதே நாள் எங்களுக்கு முறைத் தண்ணீர். ஆற்றில் தண்ணீர் குறைவு என்று அந்த வருஷம் வயலுக்கு வயல் முறை வைத்திருந்தார்கள். முறை வந்தால் வீட்டு ஆள் யாராவது மடையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வயலுக்குப் போய்விடும். அடுத்த வயல் பெரியப்பாவுடையது, அப்பாவின் பங்காளி. வரப்புத் தகராறில் பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர், விஷயம் கேள்விப்பட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீ பரீட்சைக்குப் போயிட்டு வாம்மா. மடையை நான் பார்த்துக்கிறேன்."

"சரிங்க பெரியப்பா" என்றேன். அப்பாவோடு இருக்க அத்தையும் வந்துவிட்டார். பையெல்லாம் கட்டியாயிற்று. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. பங்காளியாவது, நமக்குத் தண்ணீர் விடுவதாவது என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை எவ்வளவு சொல்லியும் எழுந்திருக்கவில்லை.

முறை விடிந்துதான் என்று சொல்லியிருந்தார்கள், விடிந்ததும் மடைக்கு ஓடினேன். தண்ணீர் ராத்திரியே வந்துவிட்டிருந்தது, எங்கள் நடவு வயல் முழுக்க நின்றது. பெரியப்பா முழங்கால் வரை சேறோடு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வயல் வெடித்துக் கிடந்தது.

"நீ போகலையாம்மா?"

"பஸ்ஸை விட்டுட்டேன் பெரியப்பா" என்றேன்.

அவர் அதை நம்பினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வண்டியில கொண்டுபோய் திருவாரூர்ல வேற பஸ்ஸுல ஏத்தி விட்டிருப்பேனே" என்றார்.