அத்தையின் ஈக்குப்பி

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, சென்னையில் ஆராய்ச்சி படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் பொங்கலுக்கு உத்திரமேரூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அவள் கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பஞ்சால் வாய் அடைத்த கண்ணாடிக் குப்பி. உள்ளே மசித்த வாழைப்பழம், அதன்மேல் எள்ளளவு ஈக்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஊரே ஈயை ஓட்டிக்கினு கீது. நீ இன்னாம்மா, பழம் போட்டு வளத்துக்கினு கீறே?”

எனக்கோ குப்பியைவிட்டு நகர மனமில்லை. கேள்வி கேட்டே ஆளைக் கொல்லுகிற வயது. அத்தை பொறுமையாகத்தான் சொன்னாள். முட்டைக்குள் ஈ உருவாகும்போது நரம்பு இழைகள் பல, உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகுமாம். நடுவில் இருக்கும் செல்கள் முதலில் ‘வா’ என்று இழுக்கும். தாண்டியதும் அதே செல்கள் ‘போ, திரும்பாதே’ என்று தள்ளும். இந்தக் குப்பி ஈக்கள் இடும் முட்டைகள் சிலவற்றில் அந்தத் தள்ளல் நரம்புக்கு உறைக்காது. போனது திரும்பி வரும், மறுபடி போகும், நடுவிலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும்.

“கூப்ட்டதே ஏன் அத்தே தொரத்துது?”

“அத முழுசா கண்டுபுடிச்சா எனக்கு டாக்டர் பட்டமே குடுத்துடுவாங்கடி.”

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை, பக்கத்து ஊரான பெருநகரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா பார்த்த இடம். நிலம் நீச்சுக்குக் குறைவில்லை, ஆனால் படிப்பை அதோடு நிறுத்திவிட வேண்டும் என்றார்கள். அத்தை காலையிலிருந்து சாப்பிடவே இல்லை.

“அப்பிடி இன்னாதாம்மா படிக்கிறே?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அத்தை வாய் திறப்பதற்குள் நான் ஓடிப்போய்க் குப்பியைக் கொண்டுவந்தேன். எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டுமே என்று பஞ்சையும் பிடுங்கினேன். அவ்வளவுதான்! தாம்பாளத்து வாழைப்பழம், கேசரி, அந்த அம்மாவின் மூக்குத்தி, ஈக்கள் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

“அய்ய, இன்னா பேஜாருடா இது!” என்று அவர் எழுந்தார். பஜ்ஜி ஆறுவதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

ஈயெல்லாம் போச்சே என்று நான் ஓவென்று அழுதேன். “லேபுல இன்னும் கீதுடி” என்ற அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா மட்டும் காலிக் குப்பியை எடுத்து அவள் பையில் வைத்தார்.

மறுநாள் காலை அவளைப் பஸ் ஏற்ற அப்பாவோடு நானும் போனேன். படியில் ஏறியவள் திரும்பிப் பார்த்தாள்.

“நீ சொன்னா நின்னுடறேண்ணா.”

“ஏறிட்டே இல்ல? போய்க்கினே இரு. படிப்ப முடிக்காம வூட்டு வாசப்படிய மிதிக்காதே.”

எனக்கு அப்பாமேல் ஆத்திரமாக வந்தது. தூக்கி வளர்த்த அண்ணனே இப்படித் துரத்துவாரா? பஸ் போனபிறகும் அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“கண்ணுல ஈ பூந்துட்ச்சி” என்றார்.

நான் அவரைக் குனியச் சொல்லி, இமையைப் பிரித்து, இரண்டு கண்ணிலும் தேடினேன். ஈ எதுவும் இல்லை. சும்மா எதற்குப் பொய் சொல்கிறார் என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.